யார் இந்தக் கர்ட்டின்? பெர்த் பயணக் குறிப்புகள்

ஜூலை 2, 2024, செவ்வாய்

பெர்த் விமான நிலையத்தில் முதலில் பறிபோனது தேன். அம்மா கொடுத்தனுப்பிய கொல்லிமலைத் தேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, மேலே இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தாள். படிவத்தில் உணவுப் பொருள் உண்டு என்று எழுதிவிட்டதால் அபராதம் இல்லை. சீருடையில் இருந்த பெண் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நல்ல நிறம், மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் போட்டாள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் தேன் வரக்கூடாதாம். ஆஸ்திரேலியாவின் மற்ற மாநிலங்களிலிருந்துகூடக் கொண்டுவர முடியாது. இங்குள்ள தேனீக்களுக்கு நோய் தொற்றிவிடும் என்ற பயம். வத்தக்குழம்புப் பொடி தப்பியது.

வெளியே வந்தால் ஒன்பது டிகிரி. ஜூலை என்றால் இங்கே நடுக்குளிர்காலம் என்று மகள் பத்துத் தடவை சொல்லியிருந்தாள். காரைக்குடி வெயிலில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படி நம்புவது? வீட்டுக்காரர் குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டார். மகள் எங்களை விட்டு இரண்டடி தள்ளியே நடந்தாள்.

ஜூலை 3, புதன்

மகள் படிக்கும் இடத்தைப் பார்க்கப் போனோம். பென்ட்லியில் இருக்கிறது கர்ட்டின் பல்கலைக்கழகம். விடுமுறைக் காலம் என்பதால் கூட்டமே இல்லை. உயரமான பைன் மரங்கள், ஈரப் புல், யாரையும் பொருட்படுத்தாமல் நடந்து போகும் கறுப்பு வெள்ளைப் பறவைகள். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் தினமும் புழங்குகிற பெயர் இது. கர்ட்டினுக்குப் பணம் கட்டியாச்சா, கர்ட்டினில் ரிசல்ட் வந்ததா என்றே பேச்சு. கடன் பத்திரத்தில்கூட அந்தப் பெயர்தான்.

"யாரு இந்தக் கர்ட்டின்?" என்றார் வீட்டுக்காரர்.

மகள் யோசித்தாள். "யாரோ பிரைம் மினிஸ்டர்ப்பா. வார் டைம்ல."

அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. 1966-ல் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தொடங்கி, 1987-ல் பல்கலைக்கழகமானபோது ஜான் கர்ட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவருக்கென்று ஒரு பிரதமர் நூலகமும் இதே வளாகத்தில் உண்டு. அதன் வழியாகவே தினமும் போய் வருவதாகவும், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை என்றும் மகள் ஒப்புக்கொண்டாள். அவளைச் சொல்வானேன், நான் அழகப்பா கல்லூரியில் மூன்று வருடம் படித்தபோது அழகப்பச் செட்டியார் படத்தை நின்று பார்த்ததாக நினைவில்லை.

மத்தியானம் ஒரு இந்தியக் கடையில் மசால் தோசை. 16 டாலர். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 56 ரூபாய் என்று மனசு பெருக்கிவிட்டது; முப்பத்தொரு வருடம் வங்கியில் கணக்கு எழுதிய கை, தட்டைத் தொடவே தயங்கியது. சாம்பார் இனித்தது.

பஸ்ஸில் இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், காதில் கம்பி மாட்டியவர்கள், பின் கதவால் இறங்குபவர்கள்கூட அங்கிருந்தே கத்திச் சொல்கிறார்கள். வீட்டுக்காரருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டாவது பஸ்ஸில் ஏறும்போதும் சொன்னார்.

ஜூலை 4, வியாழன்

நாள் முழுக்க மழை. கிங்ஸ் பார்க்கில் அரை மணி நேரம். ஸ்வான் ஆறு மேலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்றார்கள். நாங்கள் பார்த்தது பஞ்சு மூட்டை. குடை மூன்று தடவை திருப்பிக்கொண்டது, நாலாவதில் கம்பி முறிந்தது.

வீட்டுக்குத் திரும்பி, ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கர்ட்டினைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் என்று ஆரம்பித்தது பதினொரு மணியாகிவிட்டது.

1885-ல் விக்டோரியா மாநிலத்தில் கிரெஸ்விக் என்ற ஊரில் பிறந்தவர். அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம். அப்பா போலீஸ்காரர், பிறகு நோயாளி. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போயிருக்கிறார். மர அறுப்புத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். முதல் உலகப் போரில் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து மேடை மேடையாகப் பேசி, 1916-ல் சில நாள் சிறையும் போனார். இதற்கிடையே குடி. சாதாரணக் குடி இல்லை, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு. 1917-ல் ஒரு தொழிலாளர் பத்திரிகைக்கு ஆசிரியராகப் பெர்த்துக்கு வந்தார். அதே வருடம் எல்ஸியைக் கல்யாணம் செய்துகொண்டார்.

இந்த ஆளை 1935-ல் தொழிற்கட்சி தலைவராக்கியது ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில். குடிக்க மாட்டேன் என்று கட்சிக்காரர்களிடம் சொன்னார், அப்படியே இருந்தும் காட்டினார். 1941 அக்டோபரில், இரண்டு சுயேச்சைகள் பக்கம் மாறி அரசு கவிழ்ந்தபோது பிரதமர். பதவியேற்று இரண்டே மாதத்தில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது.

நம் ஊரில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் சிறைக்குப் போனதைச் சுவரில் எழுதியிருப்பார்கள், குடியை மறைத்திருப்பார்கள். இங்கே இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 5, வெள்ளி

வானம் வெளுத்தது. ஃப்ரீமேன்டிலுக்கு ரயிலில் போனோம். அரை மணி நேரப் பயணம்.

துறைமுக ஊர். மஞ்சள் நிறக் கல் கட்டடங்கள், பழைய சிறை, வெள்ளிக்கிழமை என்பதால் சந்தையும் திறந்திருந்தது. ஒரு கிலோ அவகாடோ வாங்கினால் எங்கள் ஊரில் ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். படகுத் துறைப் பக்கம் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் 19 டாலர். மீன் கொழுக்கட்டை மாதிரி வெள்ளையாக, ருசியாக இருந்தது. உப்பும் எலுமிச்சையும் தவிர ஒன்றும் இல்லை. மிளகாய்ப் பொடி இருந்தால் என்று வீட்டுக்காரர் சொல்லி முடிக்கவில்லை, ஒரு கடற்புறா அவர் கையிலிருந்த துண்டைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. பக்கத்து மேஜையில் கை தட்டினார்கள். அதில் ஒரு அம்மா எழுந்து வந்து, தன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை இவர் தட்டில் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை.

நகர மண்டபத்துப் பக்கத்துச் சதுக்கத்தில் கர்ட்டின் சிலை. 1928-ல் முதன்முதலாக நாடாளுமன்றம் போனது இந்த ஃப்ரீமேன்டில் தொகுதியிலிருந்துதான். 1931-ல் தோற்றார், 1934-ல் திரும்ப வென்றார். மேற்கு ஆஸ்திரேலியத் தொகுதி ஒன்றின் உறுப்பினராக இருந்து பிரதமரானவர் இன்றுவரை இவர் ஒருவர்தான். அதனால் இவர்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி.

சிலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நாய் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்றார். எங்கிருந்து வந்திருக்கிறீர்கள், எத்தனை நாள், குளிர் பரவாயில்லையா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஜாக் கர்ட்டினைத் தெரியுமா?" என்றார். மகள் படிக்கும் இடம் என்றேன். அவருக்குச் சிரிப்பு. தன் அம்மா இந்தத் துறைமுகத்தில் அமெரிக்க மாலுமிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுத்த கதையைச் சொன்னார். போர்க்காலத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ், டச்சு நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு ஃப்ரீமேன்டில் பெரிய தளம். அமெரிக்கர்கள் இங்கே வந்ததற்குப் பின்னால் கர்ட்டின் இருக்கிறார். 1941 டிசம்பர் 27-ல் ஒரு மெல்போர்ன் பத்திரிகையில் அவர் எழுதியது பெரிய புயலைக் கிளப்பியது. பிரிட்டனோடு இருக்கும் பழைய உறவை நினைத்து எந்த வருத்தமும் படாமல், ஆஸ்திரேலியா இனி அமெரிக்காவைத்தான் பார்க்கிறது என்பது அதன் சாரம். தாய்நாடு தாய்நாடு என்று பேசிவந்த ஊரில் சொல்லக்கூடிய வார்த்தையா அது? சர்ச்சிலுக்குக் கடும் கோபம்.

ஆனால் ஏழு வாரத்தில் சிங்கப்பூர் விழுந்துவிட்டது. பிப்ரவரி 15. அசைக்க முடியாத கோட்டை என்று பிரிட்டன் சொல்லிவந்த இடம். அங்கே மட்டும் ஆஸ்திரேலியர்கள் பதினைந்தாயிரம் பேர் கைதிகளானார்கள். நான்கு நாள் கழித்து ஆஸ்திரேலியாவிலேயே, டார்வின் நகரில் குண்டு விழுந்தது.

"நாளைக்குக் கல்லறைக்குப் போங்கள்" என்றார் பெரியவர். "கரகட்டாவில் இருக்கிறது. ரயில் வாசலிலேயே நிற்கும்." நாய் என் செருப்பை மோந்துகொண்டிருந்தது. கரகட்டா என்றதும் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அன்று இரவு முழுக்க அவருக்கு அது கரகாட்டம்தான்.

ஜூலை 6, சனி

கரகட்டாவுக்குக் கிளம்பிக் காட்டஸ்லோவில் இறங்கினோம். தவறு என்னுடையது, ரயிலில் தூங்கிவிட்டேன், மகளும் போனில் இருந்தாள். நாலைந்து நிறுத்தம் தாண்டிவிட்டது. சரி, இறங்கியது இறங்கியாச்சு, கர்ட்டின் வீடும் இந்த ஊரில்தானே இருக்கிறது என்று நடந்தோம்.

ஜாரட் தெரு, 24-ம் எண். 1923-ல் கட்டிய சிவப்புச் செங்கல் வீடு. எங்கள் ஊரில் ஒரு ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்ற பணத்தில் கட்டுவாரே, அந்த அளவுதான். வேலியோரம் நின்று பார்த்தோம். பிரதமரான பிறகும் இதுதான் அவருடைய வீடு. வேலை கான்பெராவில், 3,000 கிலோமீட்டருக்கும் மேல். விமானம் என்றால் அவருக்குப் பயம். அதனால் ஊருக்கு வர வேண்டுமென்றால் மரமே இல்லாத நல்லர்பார் சமவெளியைத் தாண்டி நாள் கணக்கில் ரயில். எல்ஸி பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே. போர் நடக்கும் நாட்டின் பிரதமர் பல இரவுகள் அரசு வீட்டில் தனியாகவே கிடந்தார்.

அங்கிருந்து கடற்கரைக்குச் சில நிமிட நடை. நார்ஃபோக் பைன் மரங்கள் வரிசையாக, அடுக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி. காற்று அறைந்தது. அந்தக் குளிரிலும் பத்துப் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். காபி 5 டாலர் 50 காசு, கை சூடேறவாவது ஆயிற்று.

எதிரே இருந்தது இந்தியப் பெருங்கடல். நேர் வடமேற்கே போனால் இலங்கை, அதற்கு மேலே நாங்கள். 1942 பிப்ரவரியில் இந்தக் கடலில்தான் அந்தத் தகராறு நடந்தது.

மத்திய கிழக்கில் சண்டையிட்டுக்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் படைகள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. 7-வது டிவிஷனைப் பர்மாவுக்கு அனுப்பு, ரங்கூனைக் காப்பாற்ற வேண்டும் என்று சர்ச்சில் தந்தி அடித்தார். ரூஸ்வெல்ட்டும் சொன்னார். கர்ட்டின் முடியாது என்றார். முடியாது என்று சொன்ன பிறகும், அவரைக் கேட்காமலே சர்ச்சில் கப்பல்களை ரங்கூன் பக்கம் திருப்பிவிட்டார். கர்ட்டின் திரும்பவும் முடியாது என்றார். கப்பல்கள் கொழும்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஊருக்குத் திரும்பின. பதிலுக்கு 6-வது டிவிஷனின் இரண்டு பிரிகேடுகளைச் சில மாதம் இலங்கையில் நிறுத்தச் சம்மதித்தார். போதிய காவல் இல்லாமல் அந்தக் கப்பல்கள் இந்தக் கடலைக் கடந்து வந்து சேரும்வரை அவர் தூங்கவில்லை, கான்பெராவில் இரவெல்லாம் தோட்டத்தில் நடந்துகொண்டே இருந்தார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை.

வியாழக்கிழமை இரவு 'ரங்கூன்' என்ற பெயரைப் படித்தபோதே எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் தாத்தா, அம்மாவின் அப்பா, ரங்கூனில் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாள் ஆனவர். மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக லட்சக்கணக்கில் நம் ஆட்கள் நடக்க ஆரம்பித்தார்கள். தாத்தா எல்லையில் இருக்கும் தமு என்ற ஊர் வழியாக மணிப்பூருக்கு நடந்தார். கூட வந்த இரண்டு பேர் வழியில் காலராவில் போனார்கள்.

எங்கள் வீட்டில் அந்த நடையைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். வருவதாக இருந்து வராமல் போன ஒரு படை இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. வந்திருந்தால் ரங்கூன் நின்றிருக்குமா? நின்றிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆட்கள் ஒரு கப்பல், துப்பாக்கியும் வண்டியும் வேறு கப்பல் என்று ஏற்றி வந்த படை அது. இறங்கி நின்று சண்டை போட ஒரு வாரம்கூடக் கிடைத்திருக்காது. சிங்கப்பூர்க் கைதிகளோடு இன்னொரு கூட்டம் சேர்ந்திருக்கும். திரும்பி வந்த அதே டிவிஷன்தான் அந்த வருடமே நியூ கினியில் கொக்கோடா மலைப் பாதையில் ஜப்பானியர்களோடு சண்டையிட்டது. கணக்குப் பார்த்தால் கர்ட்டின் செய்தது சரி. இதெல்லாம் தெரிந்தும், காட்டஸ்லோ மணலில் நின்றபோது கொஞ்ச நேரம் அந்த மனிதர் மேல் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மகளிடம் சொன்னேன். அவள் போனைப் பைக்குள் வைத்தாள்.

பன்னிரண்டரைக்குக் கரகட்டா. பெரியவர் சொன்னது உண்மை, ரயிலை விட்டு இறங்கினால் மயானம். 1899-லிருந்து இருக்கிறது. வரும் வழியில் கடையில் ஒரு பூங்கொத்து வாங்கியிருந்தோம், 14 டாலர். வழி கேட்டோம். ஒரு இளைஞன் மகளைப் பார்த்ததும், கேள்வியை முடிக்க விடாமல், "ஹீத் லெட்ஜரா?" என்றான். ஜோக்கராக நடித்த அந்த நடிகர் பெர்த்துக்காரர், அவருக்கும் இங்கேதான் நினைவிடம். இல்லை, கர்ட்டின் என்றதும் ஏமாற்றத்தோடு கையைக் காட்டினான்.

வழியில் சில இடங்களில் பழைய கல்லறைக் கற்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மகள் தேடிப் படித்துச் சொன்னாள். இந்த மாநிலத்தில் கல்லறை நிலம் 25 வருடத்துக்குத்தான் தருகிறார்கள். வேண்டுமானால் புதுப்பிக்கலாம், இல்லையென்றால் பழைய புதைகுழிகளுக்கு இடையில் புதியவர்களுக்கு இடம் கொடுக்கிறார்கள். "சமாதிக்கும் லீஸா!" என்றார் வீட்டுக்காரர். எங்கள் தெருவில் வாடகைக்காரரோடு ஆறு வருடமாக வழக்கு நடத்துபவர் அவர்.

கர்ட்டினின் கல்லறை பிரெஸ்பிட்டேரியன் பகுதியில். கத்தோலிக்கராகப் பிறந்து, மதத்தை விட்டு, கடைசியில் இன்னொரு சபையின் முறைப்படி புதைக்கப்பட்டவர். மெரினா மாதிரி மண்டபம் கிண்டபம் ஒன்றும் இல்லை. காவலுக்கும் ஆளில்லை. கல்லில் இருந்த வரியை மகள் தமிழில் சொல்லிப் பார்த்தாள்: "தன் நாடு அவருக்குப் பெருமை, சக மனிதன் அவருக்கு லட்சியம்." ஆங்கிலத்தில் இருந்த 'காஸ்' (cause) என்பதற்கு லட்சியம் சரிதானா என்று இரண்டு பேரும் அங்கேயே தர்க்கம் செய்தோம். முடிவாகவில்லை.

அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். 5 ஜூலை 1945. நேற்று! ஃப்ரீமேன்டிலில் மீன் தின்றுகொண்டிருந்த நேரத்தில் வந்திருக்க வேண்டியது. திவசத்தை ஒரு நாள் தவறவிட்ட மாதிரி எனக்கு ஒரு கூச்சம்.

1944 நவம்பரில் மாரடைப்பு. அதிலிருந்து எழவே இல்லை என்று சொல்லலாம். 1943 தேர்தலில் 74 இடத்தில் 49 வென்று கொடுத்தவர், எந்தக் கட்டாய ராணுவச் சேவைக்கு எதிராகச் சிறைக்குப் போனாரோ, அதே சேவையில் எடுக்கப்பட்டவர்களை நாட்டுக்கு வெளியே பசிபிக் தீவுகளுக்கு அனுப்பச் சொல்லிச் சொந்தக் கட்சியோடு மல்லுக்கட்டியவர். பழைய தோழர்கள் முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறார்கள். அவர் உடம்பை அதுதான் தின்றதோ, தூக்கமில்லாத இரவுகள்தான் தின்றனவோ. கான்பெராவில் பிரதமர் இல்லத்திலேயே, 60 வயதில் இறந்தார். ஜப்பான் சரணடைய இன்னும் ஆறு வாரம் இருந்தது. உடலை விமானத்தில் பெர்த்துக்குக் கொண்டுவந்தார்கள். உயிரோடு இருந்தபோது எதற்குப் பயந்தாரோ, அதிலேயே கடைசிப் பயணம்.

பூங்கொத்தை வைத்தது மகள்தான். வைத்துவிட்டு, "தேங்க்ஸ்" என்றாள். பஸ் டிரைவருக்குச் சொல்வது போலவே இருந்தது. மழை பிடித்துக்கொண்டது, முறிந்த குடையோடு நிலையத்துக்கு ஓடினோம். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, இரவு முழுக்கத் தைலம்.

ஜூலை 7, ஞாயிறு

வெளியே போகவில்லை. துணி காயவில்லை, கால் வலி குறையவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். எண்பத்தாறு வயது, காது கொஞ்சம் மந்தம், எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். கப்பல் கதையைச் சொன்னேன். ரங்கூனுக்குப் படை வராமல் போனது, இந்த ஊர்க்காரர் ஒருவர் முடியாது என்று சொன்னது, அவர் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்தது. கோபித்துக்கொள்வாளோ என்று இருந்தது.

"பேரேட்டைத் தூக்கிட்டு வந்தாருடி அப்பா" என்றாள். இது எனக்குப் புதிது. துணிமணியை வழியில் போட்டுவிட்டு, கடையின் கடன் பேரேடு ஒன்றை மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றி மணிப்பூர்வரைக்கும், அங்கிருந்து காரைக்குடிவரைக்கும் சுமந்து வந்திருக்கிறார். யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்ததாம். தர வேண்டிய ஊரே கையை விட்டுப் போன பிறகு!

"செட்டியார் வீட்டுல வாங்கி வச்சுக்கிட்டு ஒரு ஜோடி வேட்டி குடுத்தாங்க."

பிறகு தேன் எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன்.